புகையிலைக் கடையில் பைப் கூடுகை நடத்துவது எப்படி

தனியாக உட்கார்ந்து பைப் புகைக்கும்போது நாக்கு எரியாதவருக்கும் கூட்டத்தில் எரியும். பேச்சு சூடுபிடித்தால் கை தானாக வேகமாகும். பதில் சொல்லி முடிப்பதற்குள் பைப் அணைந்துவிடும். மறுபடி பற்றவைத்து அவசரமாக நாலு இழுப்பு இழுப்பார்கள். போதாததற்கு, கூடுகைக்கென்று அப்போதுதான் உடைத்த டின்னில் புகையிலை ஈரமாகவே இருக்கும். ஈரமும் அவசரமும் சேர்ந்தால் நாக்கு எரிச்சல், குழலுக்குள் களகள சத்தம், தலைசுற்றல், அறை முழுக்கப் புகைமூட்டம் என்று எல்லாம் வரிசையாக வரும். நடத்துபவரின் வேலையில் முக்கால்வாசி இந்த இரண்டையும் முன்கூட்டியே தடுப்பதுதான். நாற்காலி போடுவதும் டீ கொடுப்பதும் மிச்சக் கால்வாசிதான்.

கடைக்காரரிடம் முதலில் பேசவேண்டியவை

கட்டடத்துக்குள் புகைக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. பல நாடுகளில் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. சில இடங்களில் புகையிலை மட்டுமே விற்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும் சில சமயம் வாங்குவதற்கு முன் ருசி பார்ப்பதற்கு மட்டும் என்று குறுக்கப்பட்டிருக்கும். தன் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதே முடிவு. உள்ளே கூடாது என்றால் கடைக்குப் பின்னால் இருக்கும் திறந்தவெளியைக் கேளுங்கள். அங்கே காற்றுப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, புகையிலையை யார் கொடுப்பது என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, புகையிலைப் பொருட்களை இலவசமாக விநியோகிப்பதைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. அதனால் கடை சும்மா கொடுக்கும் ஒரு சிட்டிகைகூடச் சில ஊர்களில் குற்றமாகலாம். சிக்கல் இல்லாத வழி, கூடுகைக்கு வேண்டிய டின்களைக் கடையிலேயே விலை கொடுத்து வாங்கி, வந்தவர்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்வது. கடைக்காரருக்கும் அன்று வியாபாரம் நடக்கும்; அடுத்த முறை அவரே கூப்பிடுவார். சட்டப்படி வயது நிரம்பாத யாரையும் கூட்டி வரக்கூடாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டம் குறைவான நாளாகப் பார்த்து, கடை மூடும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு தொடங்கினால் சரியாக இருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் நல்ல எண்ணிக்கை. பதினைந்தைத் தாண்டினால் பேச்சு இரண்டு மூன்று வட்டங்களாக உடையும், காற்றும் போதாது. வாடிக்கையாளர் நிற்கும் கவுன்டரை மறித்து நாற்காலி போடாதீர்கள். வெளியில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை அவர் கடையில் உட்கார்ந்துகொண்டே பேசுவது நாகரிகமில்லை. இதைச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் பேசிவிடுகிறார்.

காற்று

ஒரு பக்கம் காற்று உள்ளே வரவேண்டும், எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்து கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தால் ஃபேன் சும்மா சத்தம்தான் போடும். எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னலையாவது கதவையாவது கையகலம் திறந்து வையுங்கள். வாடிக்கையாளர் கதவு அதுவாக இருந்தால் வேறு வழி பாருங்கள்.

டேபிள் ஃபேனை ஆட்களை நோக்கித் திருப்பக்கூடாது. பைப்பில் புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் வாய்மேல் காற்று அடித்தால் தணல் ஊதிவிட்டதுபோல் சிவந்து, பைப் கையில் பிடிக்க முடியாத அளவு சூடாகும். வெளியில் கூடினாலும் இதே விதிதான். காற்று அடிக்கும் நாளில் சுவரோரம் உட்காருங்கள், இல்லையென்றால் துளையிட்ட உலோக மூடியைக் கிண்ணத்தின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டு பிடிப்பவர் யாராவது வந்தால் ஃபேனுக்குப் பக்கத்து இருக்கையைக் கொடுங்கள். ஒரே ஒரு சுருட்டு போதும், மேசையில் இருக்கும் மென்மையான வர்ஜீனியாவின் (சர்க்கரை மிகுந்த ஒரு புகையிலை வகை) வாசனை யாருக்கும் தெரியாமல் போக.

எந்தப் புகையிலை, எவ்வளவு

ஒரு மாலைக்கு இரண்டு கலவை போதும். ஆறு டின் திறந்து வைத்தால் எல்லோரும் எல்லாவற்றையும் ருசிபார்த்து, கடைசியில் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடுத்தரக் கிண்ணம் ஒன்றுக்கு 2 கிராம் பிடிக்கும். நிதானமாகப் புகைத்தால் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். பன்னிரண்டு பேருக்குத் தலா 2 கிராம் என்றால் ஒரு கலவையில் 24 கிராம். சிந்துவது, மறுபடி நிரப்புவது எல்லாம் சேர்த்து 30 கிராம் எடுத்து வையுங்கள். 50 கிராம் டின் ஒன்று தாராளம்.

வரிசை முக்கியம். லேசானது முதலில், கனமானது பிறகு. தனி வர்ஜீனியாவை முதலிலும் லட்டாக்கியா கலந்ததை இரண்டாவதாகவும் வைத்தால் இரண்டும் விளங்கும்; மாற்றி வைத்தால் வர்ஜீனியா வெறும் சூடான காற்றாகத் தெரியும். லட்டாக்கியா விறகுப் புகையில் உலர்த்தப்படும் இலை. பெயர் சிரியாவின் துறைமுகத்திலிருந்து வந்தது, பின்னாளில் இலை பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வந்தது. அந்தப் புகைவாடை நாக்கிலும் பைப்பிலும் ஒட்டிக்கொள்ளும். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்தி மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் பெரீக் சேர்ந்த வர்ஜீனியா இவை இரண்டுக்கும் நடுவில் உட்காரும். மிளகு நெடியும் காய்ந்த பழத்தின் புளிப்பும் வரும். பெரீக் கலவையில் நிகோடின் ஏறுவது தெரியாது, தெரியும்போது எழுந்து நிற்க முடியாது. புதியவர்கள் இருக்கும் நாளில் அதைத் தவிர்க்கலாம்.

வெனிலா, செர்ரி, ரம் வாசனை ஏற்றிய கலவைகளைப் பற்றி ஒன்று. டின்னைத் திறந்தால் கமகமக்கும், புதியவர் கை நேராக அதற்குத்தான் போகும். ஆனால் பழகாதவரின் நாக்கைச் சுடுவதில் பெரும்பாலும் முதலிடம் இவற்றுக்குத்தான். ஈரத்தைப் பிடித்து வைக்க இவற்றில் பலவற்றில் புரோப்பிலீன் கிளைகால் சேர்ப்பார்கள். எவ்வளவு நேரம் பரப்பி வைத்தாலும் தொட்டால் பிசுபிசுப்பாகவே இருக்கும். அறையில் இருப்பவர்களுக்கு மணக்கும், புகைப்பவருக்கு நீராவிதான் கிடைக்கும். புதியவருக்கு வாசனை ஏற்றாத, லேசான, ரிப்பனாக நறுக்கிய பர்லி என்ற புகையிலை வகையின் கலவை ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பர்லியில் சர்க்கரை குறைவு, பற்றினால் அணையாமல் எரியும்.

உலர்த்துவது

கூடுகையின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. டின்னிலிருந்து நேராகக் கிண்ணத்துக்குப் போகும் நிலையில் வருகிற புகையிலை குறைவு. ஃபிளேக் வகைகள், அதாவது அழுத்திக் கட்டியாக்கி மெல்லிய பட்டைகளாகச் சீவியவை, பெரும்பாலும் சொதசொதப்பாகவே இருக்கும்.

ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டின்னைத் திறந்து, அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் அச்சில்லாத வெள்ளைத் தாளிலோ அகலத் தட்டிலோ மெல்லியதாகப் பரப்புங்கள். ரிப்பன் வகைக்கு 20 முதல் 30 நிமிடம். ஃபிளேக்கை முதலில் உள்ளங்கையில் வைத்து உதிர்த்துவிட்டுப் பரப்பினால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மழைநாளில் இதற்கு மேலும் ஆகும், ஏசி அறையில் சீக்கிரமே காய்ந்துவிடும். அதனால் கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம். மெல்லப் பிரிந்து பழைய நிலைக்கு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. அப்படிப் புகைத்தால் சுள்ளென்று எரியும், சுவையும் இருக்காது. அளவுக்கு மேல் காய்ந்ததை ஒரு பாத்திரத்தில் போட்டு, நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் படாமல் விரித்து மூடி, கால்மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்து கிடக்கும்.

ஓவன், மைக்ரோவேவ், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். வாசனைதான் முதலில் போகும்.

யாராவது பல வருடம் ஜாடியில் வைத்திருந்த புகையிலையைக் கொண்டுவந்தால் பரப்புவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். வர்ஜீனியாவில் வயதானால் படிகம் பூக்கும். கல்லுப்பைத் தூவியதுபோல் மினுக்கும், நாற்றம் இருக்காது. பஞ்சுபோல் வெண்மையாகவோ பச்சையாகவோ படர்ந்து, ஈரக்கந்தை வாடை அடித்தால் பூஞ்சணம். அந்த ஜாடி முழுவதும் குப்பைக்குத்தான். மேலாகச் சுரண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மேசைமேல் என்ன இருக்கவேண்டும்

ஒவ்வொரு கலவைக்கும் தனித்தட்டு, தனிக்கரண்டி அல்லது இடுக்கி. வாயில் வைத்த பைப்பைத் தொட்ட கை பொதுத்தட்டுக்குள் போகக்கூடாது; பைப்பை நேராகத் தட்டில் முகர்ந்து அள்ளுவதும் கூடாது. அவரவர் பங்கைச் சின்ன காகிதக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளட்டும். தட்டருகே ஒரு சீட்டில் கலவையின் பெயர், நறுக்கிய விதம், டின்னில் குறித்திருக்கும் தேதி, லட்டாக்கியா இருக்கிறதா இல்லையா என்று எழுதி வையுங்கள். கடைசி விவரம் பைப் கெடாமல் இருக்க. லட்டாக்கியா வாடை ஏறிய பிரையர் பைப்பில் (பிரையர் என்பது ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டை) அப்புறம் பல கிண்ணம் புகைத்தாலும் அது லேசாகத் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். வர்ஜீனியாவுக்கென்றே ஒரு பைப் வைத்திருப்பவர் தெரியாமல் நிரப்பிவிட்டால் அன்று நட்பு கொஞ்சம் கசக்கும்.

ருசிபார்க்க மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப்தான் சிறந்தது. விலை குறைவு, புதிதாகவே நன்றாகப் புகையும், பழக்க வேண்டியதில்லை. மிசௌரி மீர்ஷாம் என்ற அமெரிக்க நிறுவனம் 1869 முதல் இவற்றைச் செய்துவருகிறது. களிமண் பைப்பும் வாடை ஏற்காது, ஆனால் கிண்ணம் கொதிக்கும், தண்டைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும்.

தீக்குச்சி ஆளுக்கு ஒரு பெட்டி. ஒரு கிண்ணத்துக்கு நான்கைந்து முறை மறுபடி பற்றவைப்பது சாதாரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லைட்டர் என்றால் மென்சுடர் வருவது வேண்டும். பீறிட்டு அடிக்கும் நீலச்சுடர் சுருட்டுக்கானது, பைப்பின் விளிம்பைக் கரித்துவிடும். பெட்ரோல் வகை லைட்டரில் முதல் சில இழுப்புகளுக்கு எண்ணெய் வாடை வரும். பைப் கிளீனர், அதாவது குழலைத் துடைக்கும் பஞ்சு சுற்றிய கம்பி, தலைக்கு நாலு கணக்கிட்டு ஐம்பது. டேம்பர், அதாவது கிண்ணத்தில் புகையிலையை அழுத்தும் சின்னக் கருவி, கொண்டுவர மறந்தவர்களுக்காக மூன்று நான்கு உபரி. இரண்டு பேருக்கு ஒரு சாம்பல் தட்டு, பைப்பைத் தட்ட நடுவில் கார்க் குமிழ் இருந்தால் நல்லது. கண்ணாடித் தட்டின் விளிம்பில் பைப்பைத் தட்டித்தான் பாதித் தண்டுகள் உடைகின்றன. 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று. மூடியுள்ள இரும்பு வாளியில் கால்பங்கு தண்ணீர்.

குடிக்கத் தண்ணீர், சோடா, சர்க்கரை குறைந்த டீ. தின்ன உப்பில்லாத பிஸ்கட் அல்லது ரொட்டித்துண்டு, நாக்கைத் துடைக்க அதுதான் உதவும். வெறும் வயிற்றோடு வரவேண்டாம் என்று அழைப்பிலேயே சொல்லுங்கள்.

நிரப்பி, பற்றவைத்து, மெதுவாக

பழகியவர்கள் தங்கள் பாணியில் நிரப்பிக்கொள்வார்கள். புதியவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க வேண்டும். ஒருவர் போதும். மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு முறை சொன்னால் அவர் குழம்பிப்போய் பைப்பை மேசையில் வைத்துவிடுவார்.

மூன்று அடுக்காக நிரப்புவதுதான் கற்றுக்கொடுக்க எளிது. முதல் அடுக்கை அள்ளித் தூவிவிட்டு விரலால் தொட்டால் போதும், அழுத்தவே வேண்டாம். இரண்டாவதைக் கிண்ணம் நிறையத் தூவி மிதமாக அழுத்தினால் முக்கால் உயரத்துக்கு இறங்கும். மூன்றாவதைக் கொஞ்சம் உறுதியாக அழுத்தி, விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். இப்போது பற்றவைக்காமல் இழுத்துப் பார்க்கவேண்டும். காற்று லேசான தடையோடு வரவேண்டும். கன்னம் குழிந்தால் இறுக்கம் அதிகம், கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். டேம்பர் ஊசியால் குத்தி ஓட்டை போட்டுச் சமாளிப்பது தற்காலிகம். அந்த ஓட்டை வழியாக மட்டும் எரிந்து சுற்றியிருப்பது அப்படியே நிற்கும். மேலே தொட்டால் ஸ்பிரிங்போல் கொஞ்சம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் திணித்திருக்கிறீர்கள், விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் போதவில்லை.

குச்சியைக் கிழித்ததும் நுனி மருந்து எரிந்து தீரும்வரை ஒரு நொடி பொறுங்கள், இல்லையென்றால் கந்தக நெடி முதல் இழுப்பிலேயே வாய்க்குள் போகும். சுடரைக் கிண்ணத்துக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, வட்டமாக நகர்த்திக்கொண்டே குட்டிக்குட்டியாக இழுக்கவேண்டும். மேற்பரப்பு முழுவதும் கருகி, இலைகள் சுருண்டு எழும்பும். அதோடு அணைந்தாலும் பரவாயில்லை, அணைய விடுங்கள். டேம்பரின் சொந்த எடையளவு மட்டும் அழுத்தி அதைச் சமப்படுத்துங்கள். பிறகு இரண்டாவது முறை பற்றவைப்பதுதான் உண்மையான பற்றவைப்பு. இந்த முதல் கருக்கலை விட்டுவிடுபவர்களுக்கு ஒருபக்கம் மட்டும் எரிந்து, கிண்ணத்தின் அந்தப் பக்கச் சுவர் கரியும்.

அதற்குப் பிறகு 20, 30 விநாடிக்கு ஒரு சின்ன இழுப்பு. புகை வாயோடு நிற்கவேண்டும், நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, சுட்டால் மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். அணையட்டும். அணைந்த பைப்பைத் திரும்பப் பற்றவைப்பதற்கு முன் சாம்பலை லேசாக அழுத்திவிட்டு, குழல் வழியாக மெதுவாக ஊதித் தேங்கிய பழைய புகையை வெளியேற்றுங்கள். அப்படிச் செய்தால் கசப்பு குறையும்.

நடத்துபவர் செய்யக்கூடிய ஒரு தந்திரம் உண்டு. பற்றவைத்த முதல் பத்து நிமிடத்துக்குப் பேச்சை மெதுவாக வைத்திருங்கள். கலவையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, ஆளாளுக்கு என்ன சுவை தெரிகிறது என்று சுற்றிலும் கேளுங்கள். தணல் ஒருமுறை சீராகப் பிடித்துவிட்டால் அப்புறம் அரசியலோ கிரிக்கெட்டோ எது பேசினாலும் பைப் தாங்கும். கலவைக் குறிப்பு எழுதச் சொல்வதானால் கிண்ணத்தை மூன்று பங்காகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் பங்கில் தெரியும் சுவை கடைசியில் இருக்காது. லட்டாக்கியா மேலே எழும்பும், வர்ஜீனியாவின் இனிப்பு நடுவில் வரும், அடியில் எல்லாமே கொஞ்சம் கனக்கும். அடியில் ஈரமாக மிஞ்சும் கடைசிக் கொஞ்சத்தைப் புகைத்தே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கொட்டிவிடலாம்.

தவறும்போது

களகளவென்று சத்தம் வந்தால் குழலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வாய்க்குழலைக் கழற்றாமல், அதன் வழியாகவே பைப் கிளீனரைக் கிண்ணத்தின் அடிவரை தள்ளி, அரை நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். பைப் சூடாக இருக்கும்போது தண்டிலிருந்து வாய்க்குழலைத் திருகிக் கழற்றுவது தண்டு வெடிப்பதற்கும், அதற்குள் செருகியிருக்கும் வாய்க்குழலின் முளை முறிவதற்கும் முதல் காரணம். புதியவர்கள் தவறாமல் இதைச் செய்வார்கள், கையைப் பிடித்துத் தடுங்கள். பைப் முழுதும் ஆறிய பிறகுதான் கழற்றவேண்டும்.

நாக்கு எரிந்தால் அன்றைக்கு அவருக்கு அந்தப் பைப் போதும். சூடான நீராவி ஒரு காரணம். சர்க்கரை மிகுந்த வர்ஜீனியாவை வேகமாகப் புகைப்பது இன்னொன்று. வேறு கலவைக்கு மாறினால் சரியாகும் என்பது வீண் நம்பிக்கை. குளிர்ந்த பால் அல்லது தயிர் இதமாக இருக்கும்.

தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் வந்தால் அது நிகோடின். பைப் புகை காரத்தன்மை கூடியது என்பதால் நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் தோல் வழியாகவே நிகோடின் ஏறும். பைப்பை வாங்கி வைத்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து இனிப்பான ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தெளியும். தெளியும்வரை வண்டி எடுக்க விடாதீர்கள். வாந்தி நிற்காவிட்டாலோ மயங்கினாலோ மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். நெஞ்சுக்குள் இழுக்காததால் பைப் தீங்கில்லாதது என்று கூட்டங்களில் பேசிக்கொள்வது தவறு. உதடு, வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் பைப் புகைப்பவர்களுக்கும் வருகின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்குள்ளும் புகை போகிறது. புகைக்காத நண்பர் துணைக்கு வந்திருந்தால் "சும்மா ஒரு இழுப்பு" என்று அவர் கையில் பைப்பைத் திணிக்காதீர்கள். ஜன்னலோர நாற்காலியைக் கொடுங்கள்.

மெதுப்புகைப் போட்டி

அவசரத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒருமுறை போட்டியில் உட்கார்ந்தவர் பிறகு தனியாகப் புகைக்கும்போதும் நிதானமாகிவிடுவார். பன்னாட்டுப் போட்டிகளின் விதி எளிமையானது: எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பைப், ஒரே புகையிலை 3 கிராம், நிரப்ப 5 நிமிடம், பற்றவைக்க 1 நிமிடம், இரண்டு தீக்குச்சி, ஒரு டேம்பர். அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் தீக்கு அனுமதி இல்லை. கடைசிவரை யார் பைப் அணையாமல் இருக்கிறதோ அவர் வென்றார். பெரிய போட்டிகளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டுபவர்கள் உண்டு. புதியவர் அரைமணி தாக்குப்பிடித்தாலே கைதட்டலாம்.

பன்னிரண்டு பேருக்கு 36 கிராம், அதாவது 50 கிராம் டின் ஒன்று. முன்கூட்டியே எடைபோட்டு ஆளுக்கொரு காகிதப் பொட்டலமாக மடித்து, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். போட்டி நேரத்தில் எடைபோட ஆரம்பித்தால் முதல் பொட்டலம் காய்ந்தும் கடைசிப் பொட்டலம் ஈரமாகவும் இருக்கும். வாங்கப்போகும் பைப்பில் 3 கிராம் அடங்குகிறதா என்று ஒன்றில் நிரப்பிப் பாருங்கள், சிறிய கிண்ணத்தில் அடங்காது. அளவாக உலர்ந்த ரிப்பன் வகை போட்டிக்கு ஏற்றது. பொடியாகக் காய்ந்தது சீக்கிரம் எரிந்து தீரும். ஈரமானது இரண்டு குச்சிக்குப் பிடிக்காது.

ஆளுக்கு இரண்டு குச்சி, உரசப் பெட்டியின் பக்கவாட்டுத் துண்டு ஒன்று, ஒரே மாதிரி மரக்கட்டை டேம்பர் கொடுங்கள். லைட்டர்கள் அனைத்தும் மேசையைவிட்டு அகலட்டும். ஃபேனை நிறுத்தக்கூடாது, ஆனால் எல்லா இருக்கைக்கும் காற்று ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் இருக்கைக்குச் சீட்டுக் குலுக்குங்கள். ஒருவர் போட்டியில் சேராமல் கடிகாரத்தோடு நிற்கவேண்டும். அணைந்தது என்று அவரவரே கைதூக்கவேண்டும், நேரத்தைக் கடிகாரக்காரர் குறிப்பார். சந்தேகம் வந்தால் புகை காட்டச் சொல்லலாம்.

தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் கால்மணியிலேயே தோற்கிறார்கள். முதல் குச்சியில் நடுப்பகுதி மட்டும் பற்றி ஓரம் கருகாமல் விட்டால், தணல் நடுவிலேயே குழிதோண்டிக்கொண்டு இறங்கி அணைந்துபோகும். முதல் குச்சி ஓரங்களுக்கு, இரண்டாவது நடுவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவறு டேம்பரில். சாம்பலைத் தணல்மேல் தொட்டு வைப்பது வேறு, அழுத்துவது வேறு. அழுத்தினால் காற்று அடைபட்டுத் தணல் மூச்சுமுட்டிச் சாகும். கிண்ணம் குளிர்ந்துகொண்டே போகிறது என்று தெரிந்தால் வேகமாக இழுக்காதீர்கள். டேம்பரால் சாம்பலை மெதுவாகத் தொட்டு, உள்ளே மெல்ல ஊதி, உடனே சின்னதாக இழுத்து, மறுபடி ஊதி... இப்படி நாலைந்து முறை செய்தால் மங்கிய தணல் எழும்பும். பெரிதாக இழுத்தால் எழும்பும்தான், ஆனால் மிச்சமிருக்கும் புகையிலையில் கால்பங்கை அந்த ஒரு நிமிடத்திலேயே தின்றுவிடும்.

பழைய பைப் கைமாற்றுவது

கூடுகை என்றாலே யாராவது ஒரு துணிப்பையில் பழைய பைப்களைக் கொண்டுவருவார். வாங்குமுன் பைப் கிளீனரை வாய்க்குழல் வழியாகவே விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில், நடுவில் வெளிவரவேண்டும். பக்கவாட்டிலோ அடியிலிருந்து உயரத்திலோ வந்தால் எப்போதும் ஈரம் தங்கும் பைப் அது. டார்ச் வெளிச்சத்தில் கிண்ணத்தின் உட்சுவரைப் பாருங்கள். கரிப்படிவு ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, அது மரத்தைக் காக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் ஆபத்து. சூட்டில் கரி மரத்தைவிட அதிகமாக விரிந்து பிரையரை வெடிக்கவைக்கும். விளிம்பிலிருந்து கீழே ஓடும் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். வெளிப்புறத்தில் ஓரிடம் மட்டும் கறுத்து, தொட்டால் மென்மையாக இருந்தால் உள்ளிருந்து எரிந்துவந்திருக்கிறது, வேண்டாம்.

வாய்க்குழல் பழுப்பும் பச்சையுமாக மங்கியிருப்பது பெரிய குறையல்ல. பல வாய்க்குழல்கள் வல்கனைட்டில் செய்தவை; அது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், வெயில் பட்டால் நிறம் மாறும், தேய்த்தால் போகும். பல்தடம் ஆழமாகப் பதிந்து துளைவிட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். விற்பவரும் பைப் எந்தப் புகையிலைக்குப் பயன்பட்டது, எங்கே ஒட்டுவேலை செய்தது என்பதைக் கேட்காமலே சொல்லிவிடவேண்டும். மறுமாதமும் இதே மேசையில்தான் உட்காரப்போகிறார். வாங்கியதை அங்கேயே பற்றவைக்காதீர்கள். ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரால் குழலை வெள்ளையாக வரும்வரை துடைத்து, ஒரு நாள் உலரவிட்ட பிறகுதான் வாயில் வைக்கவேண்டும். ஆல்கஹால் பாட்டிலைக் கூடுகை மேசைக்கே கொண்டுவர வேண்டாம்; பத்துப் பேர் நெருப்பு வைத்திருக்கும் இடம் அது.

முடித்துக் கிளம்பும்போது

புகைத்து முடித்த பைப்பை அப்படியே சட்டைப்பையில் போடக்கூடாது. சாம்பலை டேம்பர் கரண்டியால் கிளறிக் கொட்டி, பைப் கிளீனர் ஒன்றை விட்டு, அதைக் குழலிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மிச்ச ஈரத்தை அது உறிஞ்சும். பிரையருக்கு அடுத்த நாள் முழுக்க ஓய்வு. அதனால்தான் இரண்டு கலவை ருசிபார்க்க இரண்டு பைப் கொண்டுவரச் சொல்வது.

சாம்பல் தட்டுகளை வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். குப்பைக்கூடையில் நேராகக் கொட்டக்கூடாது. சாம்பலுக்குள் பொதிந்த கங்கு ஒரு மணி நேரம் கழித்தும் காகிதத்தைப் பற்றவைக்கும். நாற்காலி இடுக்கு, விரிப்பு, நாற்காலிக்கு அடியில் விழுந்த துணுக்குகளையும் பாருங்கள். ஃபேனை உடனே நிறுத்தாமல் அரைமணி ஓடவிடச் சொல்லிவிட்டு, அதுவரை கடைக்காரரோடு மேசையைத் துடைத்து முடியுங்கள்.

தட்டில் மிஞ்சிய புகையிலையை மறுபடி டின்னில் கொட்டாதீர்கள். உலர்ந்ததும் ஈரமானதும் கலந்து இரண்டும் கெடும், பல கை பட்டதும்கூட. சின்ன ஜிப் பையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, யார் முதலில் கேட்கிறாரோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்.